வலது மூலைக் கலங்கல்

"தினமும் காலையில எட்டு மணிக்கு எங்க ஜன்னலைப் பாத்து போட்டோ எடுக்கறது யாரு?"

வாசலில் எதிர் வீட்டு அம்மா. கதவைத் திறந்த மனைவி திரும்பி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடிக்கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

இருபது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேரின் கண்ணை டெஸ்ட் பண்ணியவர். அவருக்குப் போய் இப்படி ஒரு பேரா?

"நான்தாம்மா. ஆனா ஜன்னலை இல்ல. சுவரை."

"சுவரையா?"

"செங்கல் சுவரை."

"ரெண்டு மாசமா என் காதுல ஓதினீங்களே, இவங்களுக்கும் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி.

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவர் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவருடைய வியாதி.

புதுசாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தார். ஒரு படத்துக்கு ஆறு கோடி புள்ளி. அதற்கு அகலமாக வளைத்துப் பிடிக்கிற ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வேண்டும். கிட்டே தூரே இழுக்கிற ஜூம் கூடாது, ஒரே அளவில் நிற்கிற பிரைம்தான். இருபது எம்எம்மா, இருபத்துநாலா? இந்தக் கேள்வியோடு எழுந்து, இந்தக் கேள்வியோடு படுத்தார். கேமரா கடையிலிருந்து ஒவ்வொன்றாக வாடகைக்கு எடுத்து வந்து, பால்கனியில் ஸ்டாண்டை நிறுத்தி, சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூசாத சுவரை எடுத்துப் பார்ப்பார்.

"நடுவுல எல்லா லென்ஸும் நல்லாத்தாம்மா இருக்கும். மூலையிலதான் சாயம் வெளுக்கும். உங்க ஜன்னல் வலது மூலையில தானா வந்து விழுது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஜன்னல்ல ஒருத்தர் உக்காந்திருப்பாரே. பாக்கலையா?"

"பாக்காம என்னம்மா! பெருசாக்கிப் பாத்தேன். இருபத்துநாலுல சட்டைக் கோட்டை ஒண்ணொண்ணா எண்ணலாம்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"முகம் எப்படி இருந்துச்சு தம்பி?"

முகமா? இருநூறு படமாவது எடுத்திருப்பார். யோசித்துப் பார்த்தார். நீலக் கோடு ஞாபகம் வந்தது. காலர் நுனி ஞாபகம் வந்தது. அதற்கு மேலே ஒன்றுமே வரவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன். நாலு நாளா எடுக்கறதையே விட்டுட்டேன்."

"அதைக் கேக்கத்தான் வந்தேன். ஏன் விட்டீங்க?"

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த அம்மா உட்கார்ந்தாள்.

"அவர் என் வீட்டுக்காரர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. அதுலேருந்து ஷேவ் பண்ண மாட்டார், சட்டை மாத்த மாட்டார். திரையை விலக்கினாலே கத்துவார். ஒருநாள் நீங்க கேமராவோட நிக்கறதைப் பாத்தார். மறுநாளும் பாத்தார். மூணாம் நாள், 'அந்த நீலக்கோடு சட்டையைத் தேச்சு வை'ன்னார். அப்புறம் தினமும் எட்டு மணிக்குள்ள குளிச்சு, ஷேவ் பண்ணி, தலை வாரி உக்காந்துடுவார். பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு எட்டு மாசமாக் கெஞ்சியும் தூக்காத கை தம்பி அது. உங்களைப் பாத்து ஒருநாள் தூக்கி ஆட்டினார்."

"எப்பம்மா?"

"பதினஞ்சு நாள் இருக்கும். செவ்வாக்கிழமை."

செவ்வாய்க்கிழமை இருபது எம்எம். அருமையான லென்ஸ். ஆனால் மூன்று படத்திலும் வலது மூலையில், சட்டைக்குப் பக்கத்தில், ஏதோ கலங்கலாக இருந்தது. சுவர்தானே, எங்கே ஓடிப்போகிறது என்று ஷட்டரை நிதானமாகத் திறந்து வைத்திருந்தார். அசைகிற கை கலங்காமல் என்ன செய்யும்?

'மூலை சுத்த மோசம்' என்று கடையில் சத்தம் போட்டு அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு விட்டாரா? இணையத்தில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினார். பதினோரு பேர் நன்றி சொல்லி, அதை வாங்குகிற எண்ணத்தையே விட்டிருந்தார்கள்.

"நாலு நாளா உங்க பால்கனி காலி. இன்னிக்கு அவர் ஷேவ் வேண்டாம்னுட்டார். 'அந்தப் போட்டோக்காரருக்கு என் மூஞ்சி அலுத்துப் போச்சு போல'ங்கறார். அதான் தம்பி, என்ன காரணம்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

காரணம் கண்ணாடிக்கடைக்காரருக்குப் பின்னால் மேஜை மேல் இருந்தது. சொந்தமாக வாங்கிய இருபத்துநாலு எம்எம், புதுப் பெட்டியோடு. லென்ஸ் முடிவாகி நாலு நாள் ஆகிறது. இனிமேல் சுவர் எதற்கு? ஒளிக்காமல் அதைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார்.

லென்ஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே பாத்திரத்தை டமால் என்று வைக்கிற மனைவி, குறுக்கே வந்து, பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"காரணம் என்னம்மா காரணம்? இவருக்கு இன்னும் லென்ஸ் முடிவாகலை. எப்படியும் ஒரு வருஷம் ஆகும். நாளைக்கு எட்டு மணிக்கு அவரை ரெடியா இருக்கச் சொல்லுங்க."