பழைய சேந்தன்

சேந்தன் அலுவலகம் விட்டு வந்தபோது, நிறைமதி திரையில் அவனை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

இருவரையும் சேர்த்துவைத்ததே ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்தான். அதன் சண்டை விளையாட்டில் அவள் பனிப்புலி, அவன் இடிக்கை வீரன். ஆடுபவர் இல்லாத நேரத்தில் அவரைப் போலவே ஆடிப் பேச விளையாட்டே ஒரு நகலை வைத்துக்கொள்ளும். அவள் வைத்திருந்தது கல்யாணத்துக்கு முன்பு பதிவான சேந்தனின் நகல்.

"அடிப்பாவி, கொன்னுட்டியே!" என்று அலறிக்கொண்டே நகல் விழுந்தது. நிறைமதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சேந்தனுக்கு வயிறு எரிந்தது. "வேணும்னே தோக்குறான். இதுல என்ன சிரிப்பு?"

"தெரியும். அதுக்குத்தான் சிரிக்கிறேன்."

"நான் ஆடுனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குற?"

"நீங்க ஜெயிக்கத்தானே ஆடுறீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவள் வைத்துவிட்டுப் போன கன்ட்ரோலரை சேந்தன் வெடுக்கென்று எடுத்தான். பனிப்புலியாகவே பாய்ந்து, இடிக்கை வீரனைச் சுவரோடு சேர்த்து வெறியோடு குத்தினான். தன்னுடைய பழைய தந்திரமெல்லாம் அவனுக்கு அத்துப்படிதானே. ஆனால் நகல் தடுக்கக்கூட இல்லை. ஆடுவது நிறைமதி என்றே அது நினைத்தது.

"ஏய் நிறை, ஏன்டா இவ்ளோ கோவம்?" என்று அது கனிவாகக் கேட்டது. "இன்னைக்கும் உன் வீட்டுக்காரர் ஏதாச்சும் சொன்னாரா?"