"நிலோஃபரோட அம்மா யாருங்க?"

இப்போதுதான் டூட்டிக்கு வந்த நர்ஸ் வானதி தொண்டை வறளக் கூப்பிட்டும் வராந்தாவில் யாரும் எழுந்திருக்கவில்லை. செவி நரம்பு இருந்தால்தான் ஆபரேஷன் செய்து காதுக்குக் கருவி வைக்க முடியும் என்று ஸ்கேன் எடுத்த குழந்தை, மயக்கம் தெளிந்து உள்ளே வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ரிசல்ட்டோடு டாக்டரும் காத்திருந்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் சின்னச் செருப்புகள்.

வானதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கதானே? பெத்த புள்ள கத்துறதுகூடக் காதுல விழலையா?"

அவர்கள் திரும்பவே இல்லை.

டீயோடு ஓடிவந்தான் ஓர் இளைஞன்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நிலோஃபர் என் அக்கா மகதான். அக்காவுக்கும் மச்சானுக்கும் பிறவியிலேயே காது கேக்காது."

வானதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நரம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க. ஆபரேஷன் பண்ணா புள்ளைக்குக் கேக்கும்னு சொல்லுங்க."

அவன் சைகையில் சொன்னான். அக்காவின் முகம் மலர்ந்தது, மறுகணமே வாடியது. அவள் விரல்கள் படபடத்தன.

"என்ன சொல்றாங்க?"

அவன் அக்காவின் விரல்களைப் பார்த்தபடியே சொன்னான்.

"லீவு முடிஞ்சு நான் துபாய் போயிட்டா, வீட்ல புள்ளகிட்ட பேச யாரு இருக்கான்னு கேக்குறாங்க."