வலது கால்

“எப்ப டாக்டரம்மா ஆரம்பிக்கப் போறீங்க?”

கண்ணை மூடிப் படுத்திருந்த உக்கிரபாண்டி கேட்டார்.

டாக்டர் சரண்யாதேவி கையிலிருந்த நைலான் நரம்பைக் கீழே வைத்தார். அதன் நுனியால் உக்கிரபாண்டியின் வலது பாதத்தில் பெருவிரல், குதிகால், நடுப்பாதம் என்று எல்லா இடத்திலும் குத்திப் பார்த்தாகிவிட்டது.

“முடிச்சிட்டேன் அண்ணே.”

உக்கிரபாண்டி கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பாண்டியம்மாளின் முகம் வெளுத்துப் போனது.

பழங்காநத்தத்தில் இருக்கும் அந்தச் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் சரண்யாதேவி கால் டாக்டர். “வீட்டுத் தரையெல்லாம் ரத்தக் கறை. கேட்டா எனக்கு வலிக்கவே இல்லையேங்கிறாரு” என்று பாண்டியம்மாள்தான் கணவரை இழுத்து வந்திருந்தார். செருப்பைத் திருப்பிப் பார்த்தால், அடியிலிருந்து ஓர் ஆணி உள்ளே ஏறியிருந்தது. அதோடுதான் நடந்து கொண்டிருந்திருக்கிறார்.

“சுகரு உங்க கால் நரம்பைக் கெடுத்திருச்சுண்ணே. புண்ணை ஆத்திடலாம், பயப்படாதீங்க. ஆனா உணர்ச்சி திரும்புறது கஷ்டம். தெனமும் பாதத்தைப் பாத்துக்கணும். வெறுங்காலோட நடக்கவே கூடாது. ஆமா, என்ன வேலை பாக்குறீங்க?”

“ஸ்கூல் வேன் ஓட்டுறேன். விளாங்குடிப் பக்கம் ஒரு மஞ்ச வேன் வருமே, அதுதான்.”

எழுதிக் கொண்டிருந்த சரண்யாதேவியின் கை நின்றது. அவர் வீடும் விளாங்குடிதான். அந்த வேனைக் காலையில் அடிக்கடி பார்த்திருக்கிறார். ஜன்னலெல்லாம் சின்னச் சின்னத் தலைகள்.

“இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாதுண்ணே.”

“என்னம்மா சொல்றீங்க? எனக்கு வேற தொழிலே தெரியாது!”

“உங்க கால் பிரேக் மேல இருக்கா, ஆக்சிலேட்டர் மேல இருக்கான்னே உங்களுக்குத் தெரியாது. ஆணி ஏறுனதே தெரியலையே!”

“ஆணிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? புண்ணுக்கு வைத்தியம் பாக்க வந்தா, பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க!”

“ஏங்க, சத்தம் போடாதீங்க…” பாண்டியம்மாள் கையைப் பிடித்தார்.

“நீ பேசாம இரு! இவுக சொன்னா ஓட்டாம இருந்துருவேனா? நாளைக்கும் ஓட்டத்தான் போறேன்!”

புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டு முடித்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

சரண்யாதேவிக்கு அடுத்த நோயாளியிடம் மனம் போகவில்லை. வேனில் பார்த்திருந்த பெயரை வைத்துப் பள்ளிக்கூடத்தின் நம்பரைத் தேடி எடுத்தார். பட்டனை அழுத்தத்தான் கை வரவில்லை.

நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லலாமா? சொன்னால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். சொல்லாமல் விட்டு, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டார். சாயங்காலம் வந்தது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஏறியபோது, அந்த மஞ்சள் வேன் முன்னால் போய்க் கொண்டிருந்தது.

வழக்கமான ஓட்டம் இல்லை. வேகத்தடையில் திக்கி நின்றது. பிறகு ஒரு குலுக்குக் குலுக்கிப் பாய்ந்தது. உள்ளே பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தின.

சரண்யாதேவி ஸ்கூட்டரை முறுக்கினார். ஹாரனை அடித்துக்கொண்டே விரட்டினார். பிள்ளைகளை ஏற்ற வேன் ஒரு தெருமுனையில் ஒதுங்கவும், இடது பக்கமாகப் போய்த் தகரத்தில் படபடவென்று தட்டினார். முன் ஜன்னல் வழியாக உக்கிரபாண்டியின் தலை எட்டிப் பார்த்தது.

அவ்வளவுதான்.

“உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? வலது கால்ல உணர்ச்சியே கெடையாதுன்னு நேத்துதானே சொன்னேன்! இம்புட்டுப் பிள்ளைங்க உயிரோட வெளையாடுறீங்களே!”

அங்கே காத்திருந்த அம்மாக்கள் விக்கித்துப் போனார்கள். ஒருவர் தன் மகளை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொருவர் ஏற்கெனவே ஏறிவிட்ட பையனை இறங்கச் சொல்லிக் கத்தினார்.

உக்கிரபாண்டி இடது பக்கக் கதவைத் திறந்து, கட்டுப்போட்ட காலை மெதுவாக ஊன்றி இறங்கினார். அப்போதுதான், ஸ்டீயரிங் பக்கம் வேறொருவர் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரண்யாதேவிக்குத் தெரிந்தது.

“இவரு புது டிரைவரும்மா. இந்த வண்டி கிளட்ச் இவருக்கு இன்னும் பிடிபடல. எந்தப் பிள்ளை எங்க ஏறும்னும் தெரியாது. அதான் காட்டிக் கொடுக்கக் கூட வாரேன்.”

சரண்யாதேவிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால், அவருடைய நோயைத் தெருவில் போட்டு உடைத்தாயிற்று.

“நேத்து அம்புட்டுச் சத்தம் போட்டீங்களேண்ணே…”

“அந்தக் கோவத்தோடதாம்மா ஸ்கூலுக்குப் போனேன். நீங்க எப்படியும் போன் போட்டுச் சொல்லியிருப்பீங்க, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சண்டை கட்டி வேலையைக் காப்பாத்திக்கலாம்னு போனேன்.”

அவர் வேனுக்குள் இருந்த பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“எங்களுக்கு யாருமே ஒண்ணும் சொல்லலையேன்னாங்க. அதான், நானே சொல்லிட்டேன்.”