ஏழாவது படம்

ஏழாவது எக்ஸ்ரே படத்தை, வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் விளக்குப் பெட்டியில் செருகியபோது நான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கோட்டைவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு படத்திலாவது கோட்டைவிட்டுவிட்டுப் போய்ச் சேர்.

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்வதில் பெரிய நிபுணராம். சம்பளம் வாங்காமல் இரண்டு வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் மூன்று பேரோடு விமானம் ஏறி வந்திருந்தார்.

வந்த அன்றே என் எக்ஸ்ரே அறையில் ஆணியை மாற்றி அடித்தார். ஈயக் கவசம் இனி அங்கேதான் தொங்க வேண்டுமாம். சுவிட்சுகளுக்கு மேல் பெயர் எழுதிக் காகிதம் ஒட்டினார். பதினான்கு வருஷமாக நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற சுவிட்சுகள்.

"இத்தனை நாளா இப்படித்தான் எடுத்தீங்களாம்மா?"

நர்ஸுகள் எல்லோரும் நிற்கும்போது கேட்டார். ஒருத்தி சிரித்தேவிட்டாள். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்திராத தலைமை நர்ஸ், அவருக்கு பிஸ்கட்டோடு டீ கொண்டுவந்தாள்.

படம் படிக்கிற டாக்டர் என்று இந்த ஆஸ்பத்திரிக்கு யாரும் வந்ததே இல்லை. எடுப்பதும் நான், பார்த்துச் சொல்வதும் நான். டியூட்டி டாக்டர்களே இருட்டறை வாசலில் நின்று, "இதுல ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்பார்கள். அதெல்லாம் இவருக்கு எங்கே தெரியும்.

இன்று கடைசி நாள். கீழே வேன் நின்றுகொண்டிருந்தது. பாடத்துக்கு, இறந்துபோனவர்களுடைய நெஞ்சு எக்ஸ்ரே பழையதாகப் பத்து கேட்டிருந்தார்.

ஒன்பதை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டு. உறைமேல் 'நார்மல்' என்று எழுதியிருந்தது.

நூறு தடவைக்கு மேல் பார்த்த படம். அதில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றுமில்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் உட்காரக்கூட இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கைப் படத்தருகே கொண்டுபோனார். பேனா முனை வலது காறையெலும்பில் போய் நின்றது.

"எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு பாருங்க. கட்டி. இந்த நேரத்துல பார்த்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம். ஆள் பிழைச்சிருப்பார்."

பத்து நொடி ஆகியிருக்காது.

நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வெளுப்பு. இப்போது படம் முழுக்க அது ஒன்றுதான் தெரிந்தது.

அந்த மனுஷனை அந்த நிமிஷம் வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

"யாரும்மா இதைப் பார்த்து நார்மல்னு சொன்னது?" கோபமாகத்தான் கேட்டார்.

"அப்ப இங்க படம் படிக்கிற டாக்டர் யாரும் இல்ல சார்."

அது பொய்யில்லை.

உச்சுக்கொட்டிவிட்டு எட்டாவது படத்தைச் செருகினார்.

நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் என் தம்பி இந்தக் கதவருகேதான் நின்றான். சட்டையை மாட்டிக்கொண்டே, "என்னக்கா, ஏதாவது தெரியுதா?" என்றான்.

ஈரம் காயாத படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பெரிய டாக்டர் மாதிரி அவனைக் கொஞ்சம் காக்கவைத்தேன்.

"ஒண்ணுமில்லடா. வெறும் சளி. போ, போய் வேலையைப் பாரு."