அம்மாவின் பாதி

தனுஷ்கோடியின் தலைமாட்டில் தொங்கிய பையில், மகள் வேணியின் ரத்தத்திலிருந்து பிரித்த, நோய் செல்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்கள் இருந்தன. அவருடைய சொந்தக் கொல்லி செல்கள் ரத்தப் புற்றை நம்மவன்தானே என்று விட்டுவிட்டிருந்தன.

"பொண்ணுகிட்ட பாதி உங்க அடையாளம், பாதி அவங்கம்மா அடையாளம்," என்றார் டாக்டர். "இந்த செல்லெல்லாம் உள்ள போய் அம்மாவோட அடையாளத்தைத் தேடும். அது இல்லாத புற்று செல்லைக் கொன்னுடும்."

டாக்டர் போனபின் தனுஷ்கோடி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவர் எல்லோரிடமும் சொன்ன காரணம் ஒன்றுதான். சட்டையைக் கழற்றி மாட்டினால் போதும், மனைவி அதன் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவாள். மூன்று வருடங்களுக்கு முன் அவள் இறந்தபோதும் அவர் போகவில்லை.

"அம்மா அவ்வளவு தேடினாங்களே," என்றாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த வேணி. "எப்பவாவது ஏதாச்சும் கெடைச்சுதாப்பா?"

நர்ஸ் வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போனதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு தடவையும் கெடைச்சுது."

முதல் சொட்டு இறங்கியது. போர்வைக்குள் ஒடுக்கி வைத்திருந்த கையை வெளியே எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டி வைத்தார்.

"நல்லாத் துழாவட்டும்," என்றார்.