கூப்பிட்ட சனம்

ஜெர்மனியின் எசன் நகரில் தன் வீட்டில் சிற்றம்பலம் ஜெர்மன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ரஷ்யாவுக்குப் பயந்திருக்கும் லித்துவேனிய எல்லைக் கிராமத்துப் பெண்ணொருத்தி, “எங்களுக்கு இன்னும் ஜெர்மன் ராணுவம் வேண்டும். அவர்கள் வந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவோம்” என்று மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“விசர்ச் சனம்! ஆமியை வா எண்டு கூப்பிடுதுகள்” என்றார் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தில் ஆமியின் சுற்றிவளைப்பொன்றில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர்.

ஜெர்மனியின் வடக்கே ஓர் ஊரில் லொறி திருத்தும் வேலை பார்க்கும் மகள் தேனுஜா அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். மெல்ல அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“அப்பா, ஒரு விசயம் சொல்லோணும். கோவிக்காதேங்கோ.”

அடுப்படி வாசலில் மனைவி சுந்தரேஸ்வரி கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது.

“ஆரையும் விரும்பிறியோ பிள்ளை? வெள்ளைக்காரன் எண்டாலும் எனக்கு ஓம். எந்தச் சாதி, எந்தச் சமயம் எண்டாலும் ஓம். ஆமிக்காரன் மட்டும் வேண்டாம்.”

“கலியாணக் கதை இல்லையப்பா.” தேனுஜா தொலைக்காட்சியைக் கைகாட்டினாள். “அடுத்த மாதம் நான் அங்கை போறன்.”

“அங்கை உனக்கென்ன வேலை?”

“அதே லொறி திருத்திற வேலைதான். ஆமி லொறி. நான் ஜெர்மன் ஆமியிலை சேர்ந்து ரெண்டு வருசமப்பா.”

சிற்றம்பலம் பெற்ற மகளை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்.

“உன்னைக் கண்டால் அந்தச் சனம் ஓடாதோ, பிள்ளை?”