கேட்மேனின் தாள்

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கைவிளக்கு இருந்தது.

பிடியில் சுற்றியிருந்த பச்சைத் துணி அவள் சுற்றியது.

கீழே ஓர் அட்டை. 'கேட்மேன் சூசைமாணிக்கம் பயன்படுத்திய விளக்கு. இவர் பணி நேரத்தில் உறங்கியதால் வேனில் வந்த நால்வர் ரயில் மோதி உயிரிழந்தனர்.'

மூன்று முறை வாசித்தாள். மூன்று முறையும் அவள் கணவர் உறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ரயில் நிற்பதை நிறுத்திவிட்ட சின்ன ஸ்டேஷன். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள்.

பூசையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பையில் ஜெபப் புத்தகம். அதற்குள் ஒரு தாள்.

அந்த அட்டையை மாற்ற வேண்டும். வேறு எதற்கும் வரவில்லை.

"நிக்காதீங்கம்மா. கால் கடுக்கும்."

பெரியவர் ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வைகுண்டராமன், ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு.

விபத்து நடந்த நாளிலிருந்து, முப்பத்தோரு வருடமாக, அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். முகத்தை இன்றுதான் பார்த்தாள்.

ஒரு குடும்பம் வந்தது. அவர் அவர்களுக்கு விளக்கினார்.

"வண்டி வருதுன்னா நான் கேட்டுக்குப் போன் பண்ணுவேன். கேட்மேன் கேட்டை மூடிட்டு ஒரு நம்பர் சொல்லணும். நம்பரெல்லாம் அவன் கையில ஒரு தாள்ல இருக்கும். வேற யாருக்கும் தெரியாது. சொன்ன நம்பரை அவன் தாள்ல அடிச்சிருவான். நான் என் நோட்டுல எழுதிக்குவேன். அப்புறந்தான் சிக்னல்."

"அன்னைக்குச் சொல்லலையா சார்?"

"சொன்னான். சொல்லிட்டு, மூடாமத் தூங்கிட்டான்."

"நல்லா ஊத்திட்டுக் கவுந்திருப்பான்."

அப்பா சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சேச்சே, குடிக்கிற ஆளில்ல சார். தூக்கந்தான்."

பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குடும்பம் வெளியே போனதும் கேட்டாள். "அன்னைக்கு என்ன நம்பர் சொன்னாருங்கய்யா?"

"அறுபத்திமூணு." யோசிக்கவேயில்லை. "சாகுற வரைக்கும் மறக்காது தாயி."

அவள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். தாளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்தாள்.

மடிப்புகளில் நைந்த தாள். மேலே அந்த நாளின் தேதி, சூசைமாணிக்கத்தின் கையெழுத்து. நான்கு எண்கள் அடிக்கப்பட்டிருந்தன. மற்றவை அப்படியே இருந்தன.

அறுபத்து மூன்று எங்கேயும் இல்லை.

வைகுண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். விரலை வரிசை வரிசையாக நகர்த்தினார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"தாள் தொலஞ்சு போச்சுன்னுல்ல விசாரணையில சொன்னாரு."

"சாகக் கெடக்கையிலதான் எங்கிட்டயே குடுத்தாரு. மாஸ்டர் போன் பண்ண மறந்துட்டாரு, பாவம், அவருக்கு மூணு பொம்பளப் புள்ளைக, நாம ரெண்டு பேருதானே, எப்படியும் பொழச்சுக்கிடுவோம்னாரு."

அவள் அட்டையைக் காட்டினாள்.

"உங்க பேரு வேண்டாங்கய்யா. அவரு தூங்கலைன்னு மட்டும் எழுதுங்க."

அவர் தாளை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

"பழைய தாள். ஒடிஞ்சிரும். பத்திரமா வைக்கிறேன்."

மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

யார் எதைக் கொடுத்தாலும் அங்கே நோட்டில் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். எழுதினார். 'பழைய தாள் ஒன்று.'

அவள் கையெழுத்துப் போட்டாள்.

தன் பிளாஸ்க்கிலிருந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் மீதம் வைக்காமல் குடித்தாள்.

அடுத்த கூட்டம் உள்ளே வந்தது. அவர் கண்ணாடிப் பெட்டியருகே போய் நின்றார்.

"இது கேட்மேன் விளக்கு."

கை சட்டைப்பைக்குப் போனது.

"இந்தக் கேட்மேன்..."

அவள் வாசலில் நின்றாள்.

"அடுத்த ரூமுக்குப் போவோம், வாங்க."

எல்லோரும் போனார்கள். ஒரு சிறுமி மட்டும் பெட்டியருகே தங்கிவிட்டாள். அட்டையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். "ப... ணி... நேரத்தில்... உறங்... கியதால்..."

நிமிர்ந்து பார்த்தாள்.

"இவரு தூங்கிட்டாரா பாட்டி?"

அவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். ஸ்டூலை இழுத்து, சிறுமியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

அடுத்த அறையில் வைகுண்டராமனின் குரல் நின்றிருந்தது.